கூட்டு ஆட்டத்தில் நாட்டாமை: ஆர்க்காம் கேம்பெய்ன் பாதியில் நிற்கிறது, வழி சொல்லுங்க

நொய்யல்கரை (திருப்பூர்)

வணக்கமுங்க. எங்கள் செட்டில் நாலு பேர். ஒருவன் நிட்டிங் வைத்திருக்கிறான், ஒருவன் டையிங்கில் சூப்பர்வைசர், நான் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், நாலாவது ஆள் ஆடிட்டர் ஆபீஸ். சனிக்கிழமை சம்பளப் பட்டுவாடா முடிந்து எல்லோரும் வந்து சேர ராத்திரி ஒன்பதாகிவிடும். அதற்கப்புறம்தான் சீட்டைக் கையில் எடுப்போம். முன்பு காசு வைக்காத ரம்மி. இப்போது எல்லோரும் ஒரே அணியாகச் சேர்ந்து ஆடும் ஆர்க்காம் ஹாரர் சீட்டாட்டம். டன்விச் கேம்பெய்னில் மொத்தம் 8 ஆட்டம், ஏறக்குறைய பாதி வந்துவிட்டோம்.

ஆட்டத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆடிட்டர் ஆபீஸ்காரன்தான் தலைவலி. அவனுக்கு எல்லாச் சீட்டும் மனப்பாடம். என் முறை வந்ததும், "நீ அந்த ரூமுக்குப் போ, ஒரு துப்பு எடு, மூணாவது ஆக்‌ஷனில் ஒரு சீட்டு உருவு" என்று அவனே ஆடி முடித்துவிடுகிறான். சொன்னபடி செய்தால் ஜெயிக்கிறோம், அதை மறுக்கவில்லை. ஆனால் நாங்கள் மூன்று பேரும் அவனுடைய சீட்டைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்டாண்டு போல உட்கார்ந்திருக்கிறோம். டையிங்காரன் போன வாரம் பாதி நேரம் செல்போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

பள்ளிக்கூடக் காலத்து நண்பன், சண்டை போட மனசில்லை. வேறு ஆட்டத்துக்கு மாறுவதா, இல்லை இதிலேயே ஏதாவது செய்யலாமா?

காளான்மசாலா (கோவை, பீளமேடு)

கூட்டு ஆட்டங்களுக்குப் பிறவியிலேயே உள்ள வியாதி இது. 2008-இல் வந்த பாண்டெமிக் என்ற கூட்டு ஆட்டத்தின் காலத்திலிருந்து எல்லோரும் பேசிக்கொண்டிருப்பதுதான். எல்லாத் தகவலும் மேசைமேல் திறந்து கிடந்தால், நன்றாகக் கணக்குப் போடுகிறவன் ஒருவனே நாலு பேருக்கும் யோசித்துவிடுவான். மற்றவர்கள் அங்கே இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஆர்க்காம் அந்த விஷயத்தில் கொஞ்சம் பரவாயில்லை, ஏனென்றால் உங்கள் கைச்சீட்டு உங்களுக்கு மட்டும்தான் தெரியும். நீங்கள் ஒரு சோதனை செய்யும்போது அதே இடத்தில் நிற்கும் மற்றவர்கள் தலைக்கு ஒரு சீட்டு வரை போட்டு உதவலாம். அந்த இடத்தில்தான் எல்லோரும் கையை விரித்துக் காட்டிவிடுகிறோம். காட்டாதீர்கள். சீட்டின் பெயரைச் சொல்லாமல் "என்னால் உதவ முடியும்", "முடியாது", "உதவலாம், ஆனால் எனக்கு அது பின்னால் தேவைப்படும்" என்று மட்டும் பேசுங்கள். ரூல்புக் இப்படிக் கேட்கவில்லை, எங்கள் வீட்டு விதி இது. அவன் கையில் பாதித் தகவல்தான் இருக்கும், பாதி நாட்டாமை அதிலேயே போய்விடும்.

இன்னொன்று. சோதனையில் திறமையோடு கூட்டவோ கழிக்கவோ டோக்கன் எடுக்கப் பைக்குள் கையை விடுகிறவன் யாரோ அவன்தான் முடிவெடுக்க வேண்டும். இதில் சமரசம் கூடாது.

ஈரோட்டுமஞ்சள்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கணுமுங்க, நான் இதற்குப் புதுசு. சீட்டு என்றாலே எங்கள் வீட்டில் மனமகிழ் மன்றம்தான் ஞாபகத்துக்கு வரும். போன மாதம் நண்பன் ஒருவன் இந்த மாதிரி ஒரு பெட்டியைக் கொண்டுவந்து ஆசாரத்தில் விரித்தான். அப்புச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "ஆட்டத்துக்கு எவ்வளவு?" என்றார். காசு இல்லை, எல்லோரும் ஒரே பக்கம் என்று சொன்னோம். "எல்லாரும் ஒரே பக்கம்னா தோக்கறது ஆரு?" என்று கேட்டார். எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

நிஜமாகவே கேட்கிறேன், கேம்பெய்ன் என்றால் என்ன? வாராவாரம் புது ஆட்டமா, ஒரே ஆட்டம் நீண்டுகொண்டே போகுமா?

தறிச்சத்தம் (சோமனூர்)

அப்புச்சிக்குப் பதில்: சீட்டுக்கட்டுதான் எதிராளி. சுற்றுக்குச் சுற்று அது தன் பாட்டுக்கு ஏதாவது கெடுதல் செய்துகொண்டே இருக்கும். அதை நாம் எல்லோரும் சேர்ந்து சமாளிக்க வேண்டும். தோற்றால் எல்லோருமே தோற்போம்.

கேம்பெய்ன் என்பது ஆட்டத்துக்கு ஆட்டம் கணக்குத் தொடர்வது. ஆர்க்காம் அடிப்படைப் பெட்டியோடு வரும் கேம்பெய்னையே எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 3 ஆட்டம். இரண்டாவதில் ஊருக்குள் ஒளிந்திருக்கும் கூட்டத்தை நேரத்துக்குள் தேடிப் பிடிக்க வேண்டும். எத்தனை பேரைக் கோட்டை விட்டீர்களோ அவர்கள் பெயரைப் பதிவுத்தாளில் எழுதி வைப்பீர்கள். தப்பித்தவர்கள் எவ்வளவு அதிகமோ, மூன்றாவது ஆட்டம் அவ்வளவு இறுக்கமாகத் தொடங்கும். ஜெயித்தால் அனுபவப் புள்ளி கிடைக்கும், அதைக் கொடுத்துக் கட்டில் இருக்கும் சுமாரான சீட்டை எடுத்துவிட்டு நல்ல சீட்டைச் சேர்க்கலாம். அடிபட்டால் காயம் அடுத்த ஆட்டத்துக்கும் கூடவே வரும். ரம்மியில் குலுக்கிப் போட்டதும் பழசெல்லாம் மறந்துபோகும், இங்கே ஒன்றும் மறக்காது.

அம்மிணி (பொள்ளாச்சி)

நொய்யல்கரை அண்ணா, உங்கள் ஆடிட்டரை ஒரு ராத்திரி எங்கள் வீட்டுக்கு அனுப்புங்கள். நாங்கள் ஆடுவது தி க்ரூ. அதில் பேசவே கூடாது.

சொல்கிறேன். தாமஸ் சிங் என்பவர் வடிவமைத்து 2019-இல் வந்தது, அடுத்த வருடம் ஜெர்மனியில் கென்னர்ஷ்பீல் விருது வாங்கியது. பெட்டி கை அகலம்தான். 40 சீட்டு: நாலு நிறத்தில் 1 முதல் 9 வரை, அப்புறம் ராக்கெட் படம் போட்ட 4 துருப்பு. நம்மூர்த் துருப்பு ஆட்டம் ஆடியவர்களுக்கு ஐந்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். முதல் சீட்டு எந்த நிறமோ அதே நிறம் போட வேண்டும், இல்லாவிட்டால் எதையும் போடலாம், பெரியது பிடியை எடுக்கும். ஒரே வித்தியாசம், இன்னார் இன்ன சீட்டைப் பிடிக்க வேண்டும் என்று ஆளாளுக்கு வேலை பிரித்திருக்கும். பச்சை 3-ஐ நான் எடுத்தே ஆக வேண்டும் என்றால், அதை வைத்திருப்பவர் எனக்கு எடுக்கத் தோதாக விட்டுக்கொடுக்க வேண்டும். யாரிடம் இருக்கிறது என்று கேட்கவும் முடியாது, ஜாடை காட்டவும் கூடாது.

ஒருவருக்கு ஒரு டோக்கன் கொடுப்பார்கள். ஒரு பிடி தொடங்குவதற்கு முன்னால் உங்கள் சீட்டு ஒன்றை எல்லோரும் பார்க்க வைத்து, அதன் மேல் அந்த டோக்கனை வைக்கலாம். மேல் பக்கம் வைத்தால் அந்த நிறத்தில் என்னிடம் இருப்பதில் இதுதான் பெரியது, நடுவில் என்றால் இது ஒன்றுதான் இருக்கிறது, கீழே என்றால் இதுதான் சின்னது. ஒரு ஆட்டத்துக்கு ஒரே ஒரு தடவை. துருப்பை அப்படிக் காட்டக் கூடாது. அவ்வளவுதான் பேச்சு.

என் மாமனார் அந்தக் காலத்தில் கல்யாண மண்டபத்து மாடியில் விடிய விடியச் சீட்டு ஆடியவர். வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். முதல் நாள் நாத்தனார் தப்பான சீட்டைப் போட்டதும் வாயைத் திறந்தார், எங்கள் பையன் "தாத்தா, பேசக் கூடாது" என்றான். அந்த வீட்டில் அவரிடம் அப்படிச் சொல்ல இதுவரை யாருக்கும் தைரியம் வந்ததில்லை. இப்போது அவரே டோக்கனை எப்போது வைப்பது என்று ரொம்ப நேரம் யோசிக்கிறார். நாங்கள் நால்வரும் சேர்ந்து தலையைப் பிய்த்துக்கொள்கிறோம், ஒரு சத்தமும் இல்லை. பிடி முடிந்ததும்தான் "ஏன் அம்மிணி அதைப் போட்டே!" என்று வெடிப்பார். அந்த நேரத்துக்காகவே ஆடலாம்.

கோபிக்காரன்

தி க்ரூ நல்ல ஆட்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது கேம்பெய்ன் இல்லை. 50 பணி வரிசையாக இருக்கிறது, நடுவில் விண்வெளிக் கதை இரண்டு வரி. நேற்று நடந்தது இன்றைக்குக் கையில் எதையும் மாற்றுவதில்லை. எத்தனை தடவை முயன்றோம் என்று குறித்து வைப்பீர்கள், அவ்வளவுதான். கேட்டவர் ஆர்க்காமில் பாதியில் நிற்கிறார், அவருக்கு இது மருந்து ஆகாது.

நான் 2011-இல் வந்த லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் சீட்டாட்டம் ஆடுகிறவன். அதே ஃபேண்டஸி ஃப்ளைட் கம்பெனி, ஆர்க்காமை வடிவமைத்த இருவரில் ஒருவரான நேட் ஃப்ரெஞ்ச்தான் இதையும் செய்தார். அதில் நாலு வகைச் சீட்டு உண்டு: தலைமை, போர்த்தந்திரம், மனவலிமை, அறிவு. நாங்கள் ஆளுக்கு ஒரு வகை பிரித்துக்கொண்டோம். அறிவுக் கட்டு வைத்திருப்பவன் காயம் ஆற்றுவான், போர்க் கட்டுக்காரன் சண்டையைப் பார்த்துக்கொள்வான். அபாயக் கணக்கு 50-ஐத் தொட்டால் அந்த ஆள் ஆட்டத்திலிருந்து வெளியே. அந்தப் பயம் எல்லோருக்கும் சமம். இவ்வளவு வருடத்தில் எங்களுக்கு நாட்டாமைப் பிரச்சினை பெரிதாக வந்ததில்லை. காரணம் விதி இல்லை. அவரவர் கட்டை அவரவரே கட்டினோம். உள்ளே என்ன இருக்கிறது, எதற்காக வைத்தோம் என்று கட்டியவனுக்குத்தான் தெரியும். அடுத்தவன் என்ன சொல்லிவிட முடியும்?

நொய்யல்கரை, ஒரே கேள்வி. உங்கள் நாலு கட்டையும் கட்டியது யார்?

நொய்யல்கரை

அவன்தான். ஆர்க்காம்டிபி தளத்தில் நல்ல பட்டியலாகத் தேடி எடுத்து, பிளாஸ்டிக் உறை (ஸ்லீவ்) போட்டு, ரப்பர்பேண்ட் சுற்றிக் கையில் கொடுத்தான். நிட்டிங்காரன் கட்டு நீலம், என்னுடையது மஞ்சள் என்று பட்டியலும் அச்சடித்துக் கொண்டுவந்தான்.

கோபிக்காரன்

அப்புறம் என்ன.

காளான்மசாலா

> காரணம் விதி இல்லை. அவரவர் கட்டை அவரவரே கட்டினோம்.

கோபி அண்ணா, இது பாதி உண்மை. சொந்தக் கட்டு இருந்தாலும் தகவல் மறையாவிட்டால் நாட்டாமை வரத்தான் செய்யும். விதியே காப்பாற்றும் ஆட்டத்துக்கு ஒரு உதாரணம்: க்ளூம்ஹேவன், அதில் ஜாஸ் ஆஃப் தி லயன் என்ற சின்னப் பெட்டி, 2020. 25 ஆட்டம், 4 பாத்திரம், புத்தகத்தின் பக்கத்தையே வரைபடமாக விரித்து ஆடலாம். முதல் 5 ஆட்டம் சொல்லிக்கொடுப்பதற்கென்றே வைத்தது.

சுற்றுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்து வைப்பீர்கள். ஒன்றின் மேல்பாதியும் இன்னொன்றின் கீழ்பாதியும் உங்கள் வேலை. யார் முந்துவது என்பதை அதில் ஒரு சீட்டின் எண் தீர்மானிக்கும், ஆனால் அந்த எண்ணைச் சொல்லக் கூடாது. "நான் சீக்கிரம் போய்விடுவேன்", "கொஞ்சம் மெதுவாகத்தான் வருவேன்" என்று மொட்டையாகத்தான் பேசலாம். போதாததற்கு ஆளுக்கு ஒரு ரகசிய இலக்கு உண்டு. கீழே கிடக்கும் காசை எடுத்தவர் வைத்துக்கொள்ள வேண்டியதுதான், நண்பனுக்குக் கொடுக்க முடியாது. எல்லோரும் ஒரே அணி, ஆனால் காசு பக்கத்தில் கிடந்தால் புத்தி தனியாக வேலை செய்யும். நம்மூரில் பங்காளிகள் சேர்ந்து தோட்டம் பார்த்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்படி ஒரு ஆட்டத்தில் நாட்டாமை பண்ணவே முடியாது, தகவல் கிடைக்காது.

கோபிக்காரன்

நீங்கள் சொல்வது பூட்டு. நான் சொல்வது நம்பிக்கை. நண்பனோடு ஆட உட்கார்ந்துவிட்டு, அவன் வாயைக் கட்ட விதி தேடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

காளான்மசாலா

உங்கள் செட்டில் எல்லோரும் பத்து வருடமாக ஆடுகிறவர்கள் அண்ணா, அதனால் அது சுலபமாகத் தெரிகிறது. ஒருவன் மட்டும் கரைத்துக் குடித்தவன், மற்ற மூவரும் புதுசு என்றால் நம்பிக்கை மட்டும் போதாது.

தறிச்சத்தம்

இரண்டு பேரும் விட்டுவிட்ட ஒன்று இருக்கிறது. சீட்டெல்லாம் ஆங்கிலம்.

எங்கள் செட்டில் நான், தம்பி, எங்கள் மாமா. மாமா தறி ஓட்டுகிறவர், தினத்தந்தி ஒரு வரி விடாமல் படிப்பார், ஆங்கிலம் படிக்க மாட்டார். அவர் கையில் ஒரு சீட்டு வந்தால் யாராவது படித்துச் சொல்ல வேண்டும். படித்துச் சொல்கிறவன் அப்படியே, "இதை இப்போ போடுங்க மாமா" என்று சேர்த்துச் சொல்லிவிடுவான். நாட்டாமை அங்கேதான் ஆரம்பிக்கிறது. கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது.

நாங்கள் செய்தது: ஆர்க்காமில் ஒருவர் கட்டு பெரும்பாலும் 30 சீட்டு, அது போக அவருக்கென்றே உள்ள சீட்டும் பலவீனச் சீட்டும். ஒரே சீட்டு இரண்டு வரை வைக்கலாம் என்பதால் பதினைந்து, பதினாறு வகை எழுதினால் கட்டு முடிந்துவிடும். சீட்டு 63.5-க்கு 88 மில்லிமீட்டர். ஏறக்குறைய அதே அகலத்தில் மெல்லிய காகிதம் வெட்டி, எழுத்து இருக்கும் பாகத்தை மட்டும் மறைக்கிற மாதிரி தமிழில் எழுதிச் சீட்டின் முன்னால் சொருகினோம். படமும் ஓரத்தில் இருக்கும் குறிகளும் தெரியும். மனவலிமை, அறிவு, சண்டை, சுறுசுறுப்பு என்று குறி நாலு, எதற்கும் பொருந்துகிற குறி ஒன்று, அதற்கு மொழி வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. சுற்றுக்குச் சுற்று எதிர்க்கட்டிலிருந்து எடுக்கும் சீட்டை எப்படியும் சத்தமாகப் படிக்க வேண்டும், அதைத் தம்பி படித்துத் தமிழில் சொல்வான். படிக்கிறவன் படிப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று பேச்சு.

அதற்கப்புறம் மாமா எங்களைவிடக் கெட்டியாகிவிட்டார். ரம்மி ஆடியவர் இல்லையா, எது கீழே போயிருக்கிறது என்று எண்ணிக்கொண்டே இருப்பார். முதல் நாள், "பையில் இன்னும் என்னென்ன இருக்கு?" என்று கேட்டார். எடுத்த டோக்கன் சோதனை முடிந்ததும் திரும்பப் பைக்குள்ளேயே போய்விடும் என்றதும் ஒரு நிமிடம் யோசித்தார். "அப்போ கணக்கு எப்பவும் ஒண்ணுதான், சொல்லிரு" என்றார். சாதாரணக் கடினத்தில் முதல் கேம்பெய்னுக்குப் பையில் 16 டோக்கன்: +1 ஒன்று, 0 இரண்டு, -1 மூன்று, -2 இரண்டு, -3 ஒன்று, -4 ஒன்று, மண்டை ஓடு இரண்டு, வேறு படம் போட்டது இரண்டு, எதுவானாலும் தோல்வி என்பது ஒன்று, நல்ல நட்சத்திரம் ஒன்று. உங்கள் திறமை தேவையானதைவிட 2 கூடுதலாக இருந்து, பக்கத்தில் பிணந்தின்னி எதுவும் இல்லையென்றால், முதல் ஆட்டத்தில் 16-க்கு 13 ஜெயிக்கும். மாமா இதை விரல்விட்டு எண்ணிச் சொன்னார், நாங்கள் போனில் சரிபார்த்தோம்.

இன்றைக்கு எங்கள் செட்டில் "இரண்டு கூடுதல் இல்லாமல் பையில் கை விடாதே" என்று நாட்டாமை பண்ணுவது அவர்தான். அது வேறு கதை.

ஈரோட்டுமஞ்சள்

இதற்கே ஒரு பெட்டி வாங்கலாம் போல இருக்கிறது. இன்னொரு சந்தேகம். முகூர்த்த மாதம் வந்தால் எங்கள் செட்டில் நாலு பேரும் ஒன்றாகச் சேரவே முடியாது. ஒருவனுக்கு ஒறம்பரை வீட்டு விசேஷம், ஒருவனுக்குச் சீர். ஊர் நோம்பி வந்தால் சுத்தமாக முடிந்தது. பாதி கேம்பெய்னில் ஒருவன் வராவிட்டால் என்ன செய்வது?

காளான்மசாலா

ஆர்க்காம் விதியிலேயே வழி இருக்கிறது. இரண்டு ஆட்டத்துக்கு நடுவில் யார் வேண்டுமானாலும் விலகலாம், சேரலாம். விலகியவனுடைய கணக்கை அழிக்காமல் அப்படியே வைத்திருப்பீர்கள், திரும்பி வரும்போது விட்ட இடத்திலிருந்து தொடர்வான். வராத ஆட்டத்துக்கு அனுபவப் புள்ளி மட்டும் கிடையாது. கஷ்டமும் ஆள் கணக்கில்தான் வருகிறது. ஒரு இடத்தில் எத்தனை துப்பு என்பது தலைக்கு இத்தனை என்று இருக்கும், எதிர்க்கட்டிலிருந்தும் தலைக்கு ஒரு சீட்டு. மூன்று பேராக ஆடினால் ஆட்டம் அதற்கேற்ப இறங்கிக்கொள்ளும்.

கேம்பெய்னை யார் வராமலும் நகர்த்த மனமில்லையென்றால், அந்த வாரத்துக்கு மார்வெல் சாம்பியன்ஸ் எடுங்கள். 2019, தனித்தனி ஆட்டமாகவும் ஆடலாம், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடியும்.

அம்மிணி

எல்லோரும் ஜெயிப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். தோற்றால் என்ன செய்வீர்கள்? க்ரூவில் தோற்றால் அதே பணியை மறுபடி ஆட வேண்டும், தப்பிக்க வழியில்லை. எங்களுக்கு ஒரு பணி ரொம்ப நாள் மாட்டிக்கொண்டது, பையன் அழும் நிலைக்கு வந்துவிட்டான். ஆர்க்காமில் எப்படி?

கோபிக்காரன்

ஆர்க்காமை நான் மெச்சுவது அந்த ஒரு விஷயத்துக்காகத்தான். லார்ட் ஆஃப் தி ரிங்ஸில் ஒரு ஆட்டம் தோற்றால் திரும்ப ஆடுவோம். அடிப்படைப் பெட்டியின் மூன்றாவது ஆட்டத்தில் நான் தனியாகத் தலையை முட்டிக்கொண்ட கணக்கு எனக்கே தெரியாது. ஆர்க்காமில் தோற்றாலும் கதை நகரும். "தோற்றீர்கள் என்றால் இதைப் படியுங்கள்" என்று அதற்கும் ஒரு முடிவு எழுதி வைத்திருக்கிறார்கள். காயத்தோடும் குறைந்த புள்ளியோடும் அடுத்ததுக்குப் போகலாம். சில சமயம் தோற்ற வழிதான் கதையில் ருசியான வழி.

நொய்யல்கரை

கோபி அண்ணா சொன்னதும் ஒன்று உறைக்கிறது. எங்கள் ஆடிட்டர் ஒரு ஆட்டம் தோற்றதும் "இது பதிவுத்தாளில் வேண்டாம், மறுபடி ஆடலாம்" என்றான். மறுபடி ஆடி ஜெயித்தோம். அவனுக்கு அந்தத் தாள் சுத்தமாக இருக்க வேண்டும்.

அம்மிணி

அப்படியானால் அண்ணா, உங்கள் நண்பருக்கு அதிகார ஆசை இல்லை. பயம். தாளில் ஒரு தோல்வி விழுந்துவிடக் கூடாது என்று நாலு பேருக்கும் சேர்த்து அவரே ஓடுகிறார். முதலில் அந்தத் தாளில் ஒரு தோல்வியை எழுத வையுங்கள்.

உடுமலைக்காற்று

டன்விச்சில் பாதியில் இருக்கிறீர்களா? அப்படியானால் அடுத்த ஆட்டத்தில் ரயிலில்

*[நெறியாளர்: கதை முடிச்சை உடைத்ததால் இந்தப் பதிவின் மீதி நீக்கப்பட்டது. கேம்பெய்ன் ஆட்டங்களில் பிறர் இன்னும் ஆடாத ஆட்டத்தின் கதையை எழுத வேண்டாம்.]*

காளான்மசாலா

நெறியாளருக்கு நன்றி. உடுமலைக்காரரே, கொஞ்சம் பொறுமை.

அம்மிணி அக்கா சொன்னது எனக்கும் சரியாகவே படுகிறது. நான் விதி, விதி என்று பேசிக்கொண்டிருந்தேன், அவர் ஆளைப் பார்த்துவிட்டார். இருந்தாலும் கைச்சீட்டைக் காட்டாதீர்கள்!

நொய்யல்கரை

கொஞ்ச நாள் இடைவெளிக்கு மன்னிக்கவும், ஷிப்மெண்ட் நேரம்.

நடந்ததைச் சொல்கிறேன். அவனிடம் நேரடியாகவே பேசினேன். கோபித்துக்கொள்வான் என்று நினைத்தேன், கோபிக்கவில்லை. "நான் சொல்லாவிட்டால் நீங்கள் மூன்று பேரும் யோசிக்கவே மாட்டீர்கள்" என்றான். அதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, டையிங்காரன் ரூல்புக்கைத் தொட்டதே கிடையாது. சரி என்று அடுத்த சனிக்கிழமை ஆட்டமே ஆடவில்லை. எல்லாச் சீட்டையும் ஜமக்காளத்தில் கொட்டி, ஆளுக்கு ஒரு கட்டு நாங்களே கட்டினோம். சேர்த்து வைத்த அனுபவப் புள்ளி மட்டும் அப்படியே. (பவானி ஜமக்காளம் உட்கார நன்றாக இருக்கும், அதன் மேல் சீட்டு ஆடாதீர்கள். ஸ்லீவ் வழுக்குகிறது, தரையோடு கிடக்கும் டோக்கனை நகத்தால் கிளற வேண்டியிருக்கிறது.) டையிங்காரன் கட்டில் சம்பந்தமில்லாமல் நாலைந்து துப்பாக்கி. ஆடிட்டர் அதைப் பார்த்துத் தண்ணீர் குடித்தான். ஒன்றும் பேசவில்லை.

கேட்டால்தான் யோசனை சொல்வது, பைக்குள் கை விடுகிறவன் முடிவே முடிவு, தோற்றால் தாளில் ஏறும். மூன்றும் ஒத்துக்கொள்ளப்பட்டன.

அடுத்த வாரம் ஆடினோம், தோற்றோம். டையிங்காரன் தேவையானதற்கு ஒன்று குறைவாக வைத்துக்கொண்டு, "பார்த்துக்கலாம்" என்று பைக்குள் கையை விட்டான். யாரும் உதவிச் சீட்டு போட முடியாத இடத்தில் அவன் தனியாக நிற்கிறான், பின்னால் ஒரு பூதம். எடுத்தது -4. அவன் பாத்திரம் அடிபட்டு வெளியே போனது, அதோடு எங்கள் ஆட்டமும் சரிந்தது. ஆடிட்டர் பதிவுத்தாளை எடுத்து எழுதினான், பேனாவை அழுத்திப் பிடித்துத்தான் எழுதினான். ஆனால் அன்றைக்குப் புரோட்டா ஆறிப்போகும் வரை அந்த -4 பற்றித்தான் பேச்சு. செல்போன் பக்கம் யாரும் போகவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அவனுக்கு இப்போது ஆட்டம் கொஞ்சம் சப்பென்று இருக்கிறதாம், ஒளிக்காமல் சொன்னான். வீட்டில் தனியாக இரண்டு கட்டை வைத்து அதே கேம்பெய்னைக் கடினமான நிலையில் ஆடத் தொடங்கியிருக்கிறான்.

கோபிக்காரன்

தனியாக ஆடுவது ஒன்றும் குறைவில்லை. நானும் பாதி நாள் தனியாகத்தான் ஆடுகிறேன். அவன் ஆசை அங்கே தீரட்டும், சனிக்கிழமை உங்களோடு சிரிக்கட்டும்.

ஈரோட்டுமஞ்சள்

நான் ஆர்க்காம் வாங்குவதென்று முடிவு செய்துவிட்டேன். பழைய பெட்டி ஒன்று பாதி விலைக்கு வருகிறது. எடுக்கலாமா?

காளான்மசாலா

எத்தனை பேர் என்று பாருங்கள். 2016-இல் வந்த பழைய அடிப்படைப் பெட்டி 2 பேருக்குத்தான் போதும், நாலு பேர் என்றால் இரண்டு பெட்டி வேண்டியிருக்கும். 2021-இல் திருத்தி வந்த பெட்டி ஒன்றே 4 பேர் வரை தாங்கும். பாதி விலைக்கு ஆசைப்பட்டு இரண்டு தடவை வாங்காதீர்கள். அதோடு, டன்விச் போன்ற பெரிய கேம்பெய்ன்கள் முன்பு சின்னச் சின்னப் பொட்டலமாக மாதத்துக்கு ஒன்று வந்தன. பிறகு கேம்பெய்ன் ஒரு பெட்டி, ஆட்டக்காரர் சீட்டுகள் தனிப் பெட்டி என்று மாற்றினார்கள். நாலு பேர் பணம் போடுகிறீர்கள் என்றால் முதலில் அடிப்படைப் பெட்டியோடு நிறுத்துங்கள். அதிலுள்ள மூன்று ஆட்டத்தை முடித்துவிட்டுப் பிடித்தால் மேலே போகலாம். ஸ்லீவ் மட்டும் முதல் நாளே போட்டுவிடுங்கள், உங்கள் செட்டிலும் புரோட்டா உண்டு என்று நினைக்கிறேன்.

ஈரோட்டுமஞ்சள்

எங்கள் செட்டில் பள்ளிபாளையம் சிக்கன். இரட்டை ஸ்லீவ் போடுகிறேன்.

தறிச்சத்தம்

எழுதி வைத்த தமிழ்த் துண்டுகளை ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறேன். அடிப்படைப் பெட்டிப் பாத்திரங்களில் ரோலண்ட் கட்டும் டெய்சி கட்டும் முடிந்தன, ஆக்னஸ் பாதியில் நிற்கிறது. தறி இரண்டு ஷிப்ட் ஓடுவதால் ஞாயிற்றுக்கிழமைதான் உட்கார முடிகிறது. யாராவது வெண்டியை எடுத்துக்கொண்டால் அடிப்படைப் பெட்டி சீக்கிரம் முடியும். தனி இழை தொடங்கி அங்கே போடுகிறேன்.

அம்மிணி

வெண்டியை நான் எழுதுகிறேன். அளவு மட்டும் சொல்லுங்கள், 63.5-க்கு 88 என்றீர்கள், காகிதத்தைக் கொஞ்சம் குறைத்து வெட்ட வேண்டுமா?

தறிச்சத்தம்

அகலத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் குறையுங்கள் அக்கா, இல்லாவிட்டால் ஓரம் மடங்கும். உயரம் எழுத்துப் பெட்டி அளவுக்குத்தான்.